வலது கைக் கடிகாரம்

கடிகாரம் என்ன தாலியா, இந்த இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட? ஸ்ரீவில்லிபுத்தூர் சபை மூப்பர் ஞானரத்தினம் போட்டுவிட்டார். கல்யாணத்தில் சீராகக் கொடுத்த கடிகாரத்தை மருமகன் வேதமணியின் இடது கையில் தாமே கட்டி, "வலது கை ஆண்டவருக்கு, மாப்பிளே. அதுல இது ஏறப்படாது" என்றார்.

வேதமணியோ பிறவியிலேயே இடதுகைக்காரன். ராஜபாளையம் மில்லில் பிட்டர் வேலை. இடது கையில் ஸ்பானர் பிடித்தால் கடிகாரம் இரும்பில் இடிக்கும். அதனால் மில்லில் வலது கை. மாமனார் வீட்டுக்குப் போகையில், பஸ்ஸிலிருந்து ஆண்டாள் கோபுரம் கண்ணில் பட்டதும் இடது கை. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று ஒவ்வொரு தடவையும் எரிச்சல் மண்டும்.

பிரசவத்துக்குப் போன மனைவி செல்லக்கனியையும் ஐந்து மாதப் பிள்ளையையும் கூட்டிவரப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் முடித்த அசதியில் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான். கோபுரமாவது கடிகாரமாவது! நேரே சபை ஆலயத்துக்கு ஓடி, நற்கருணை அப்பம் வாங்க முழங்காலிட்டு, வழக்கப்படி இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை வைத்து நீட்டினான். மேலே இருந்த கையில் கடிகாரம் பளபளத்தது. பக்கத்திலேயே மாமனார்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தார். "சபைக்கு முன்னால என் மூக்க அறுத்துட்டீரே! மாத்திக் கட்டும். இனிமே வலது கையில கட்ட மாட்டேன்னு சொல்லும். பொறவு மகள அனுப்புதேன்."

"வேலையில இடிக்குது, மாமா."

"வேலைய வலது கையால செய்யும்!"

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் விளாசியதும் இதற்குத்தான். கதவோரம் செல்லக்கனி துணிப்பெட்டியோடு நின்றாள். அவள் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, "இனிமே கட்டலை, மாமா" என்று மாற்றிக் கட்டினான்.

மூப்பர் திருப்தியாக உட்கார்ந்து பேரப்பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். பிள்ளை, மினுங்கிய கடிகாரத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. இடது கை. அந்தப் பிஞ்சு விரல்களில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"ஏலே, பீச்சாங்கைய நீட்டாத!"

பிள்ளை வீறிட்டது. அது எந்தக் கைக்காரன் என்று அதற்கே இன்னும் தெரியாது.

வேதமணிக்கு வந்ததே ஆத்திரம்! கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இத நீங்களே கட்டிக்கிடுங்க, மாமா. எந்தக் கையில வேணும்னாலும் கட்டிக்கிடுங்க. என் பிள்ள கையில மட்டும் இனி அடி விழப்படாது."

அப்பா கூப்பிடக் கூப்பிட, செல்லக்கனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"இப்ப மணி என்ன ஆகுதோ, பஸ்ஸு இருக்கோ என்னமோ" என்றான் வேதமணி தெருவில்.

"வாரப்ப வரட்டும்" என்றவள், பிள்ளையின் சிவந்த இடது கையை எடுத்து முத்தமிட்டாள்.