மென்மையாகச் சொல்லத் தெரிந்தவள்

அந்த அறையில் எல்லோரும் அவளை நேரில் அக்கா என்பார்கள். தலை மறைந்ததும் இஸ்திரிப்பெட்டி என்பார்கள். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார் அறை அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஒரு சிறு கூட்டத்துக்கு அவள் தலைவி. யாராவது தேம்பினால், "அழுறதுன்னா பாத்ரூம்ல போய் அழு. லைன்ல ஆள் காத்திருக்கு" என்பாள். வேலை சுத்தமாக நடந்தது. ஆட்கள்தான் நிலைக்கவில்லை.

அடுத்தடுத்து சிலர் விலகிப் போனதும் மேலிடம் அவளுக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்தது. தலைவர்களுக்கு உணர்வுகளைப் புரிந்து நடக்கக் கற்றுத்தருவாராம்.

"கோச்சா? அக்கா எந்த விளையாட்டுல எறங்கப் போறாங்க?" என்றான் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். அறையே சிரித்தது. அவள் காதில் விழாதது போல் நடந்து போனாள்.

கோச் நரைத்த தலையும் தணிந்த குரலுமான ஒரு பெண். மீட்டிங் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"ஒருத்தர் உங்க முன்னாடி அழுதா உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன ஆகும்?"

"எரிச்சல் வரும்."

"அதுக்கு முன்னாடி?"

அவள் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "பயம்" என்றாள் கடைசியில். "என்னால ஒண்ணும் பண்ண முடியாதேன்னு."

"ஒண்ணும் பண்ண வேணாமே. என்னாச்சுன்னு கேளுங்க. கேட்டுட்டு பேசாம பக்கத்துல இருங்க."

கேட்க எளிதாக இருந்தது. செய்யப் போனால் நாக்கு அடங்கவில்லை. கேள்வியைக் கேட்ட கையோடு மருந்தையும் எழுதிக் கொடுத்துவிடுவாள். உதட்டைக் கடித்துக் கடித்துத்தான் பழகினாள். மெல்ல மெல்ல ஆட்கள் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். மாமியார் தொல்லை, விடாத தலைவலி, படிக்காத மகன் எல்லாம் அங்கே வந்து இறங்கின.

அப்படியிருக்கையில் ரேடியோ பேச்சை நிறுத்தினான். முன்பென்றால் விட்டது தொல்லை என்றிருப்பாள். இப்போது போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் எழுந்திருக்கவில்லை. ஏசியிலிருந்து வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எம் பொண்டாட்டிக்கு ரெண்டு கிட்னியும் போச்சுக்கா" என்றான். "இங்க ஒருத்தர் ஃப்ரிட்ஜ்ல ஐஸ் கட்டலன்னு கத்துறாரு. எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சா வேலை போயிடுமேன்னு லைன ஹோல்டுல போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அவன் மனைவிக்கு டயாலிசிஸ் இருக்கும் நாட்களில் அவனுக்கு வேலை இல்லாதபடி ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தாள். ஒரு நாள் அந்த மனைவியே போனில் வந்தாள். "வீட்டுக்கு வந்தா உங்களப் பத்தித்தான் பேச்சு" என்றாள். போனை வைத்ததும் அக்கா அவனுடைய ஷிஃப்டை அடுத்த மாதத்துக்கும் மாற்றி எழுதி வைத்தாள்.

அந்த வருஷம் ஒருவர்கூட விலகவில்லை. அப்போதுதான் டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். முதலில் பாராட்டினார். பிறகு, இனிமேல் புகார்களைக் கம்ப்யூட்டர் குரலே கேட்டுக்கொள்ளும், அறையை மூடப்போகிறோம் என்றார்.

"வேலை போகுதுன்னு மத்தவங்க சொன்னா கலாட்டா ஆயிடும். நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

"இதுக்குத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களா சார்?"

"அப்படி எடுத்துக்காதீங்க" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. "உங்களுக்கு வேற பிராஞ்ச்ல இடம் இருக்கு."

வெளியே வந்து கோச்சுக்குப் போன் செய்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றார் கோச். பிறகு, "ஆனா யோசிச்சிருக்கணும்" என்றார்.

முடியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போவதை நினைத்ததும் மனம் கேட்கவில்லை. ஒவ்வொருவராக மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாள். சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, "எல்லாத்தையும் உங்ககிட்ட கொட்டினேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரேடியோவைக் கடைசியில் கூப்பிட்டாள். அவன் முழுதும் கேட்டான்.

"ஆபீஸ் இன்சூரன்ஸ்லதான் அவளுக்கு ட்ரீட்மென்ட் ஓடுது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான்தானே சொன்னேன்." லேசாகச் சிரித்தான். "நீங்க பழைய மாதிரியே இருந்திருக்கலாம்க்கா. வாய் நிறைய திட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல."



டைரக்டரிடம் மல்லுக்கட்டி அவனுடைய இன்சூரன்ஸைச் சில மாதங்களுக்கு நீட்டி வாங்கினாள். அதற்கு மேல் யாரும் இறங்கி வரவில்லை. தனக்கென்று சொன்ன பிராஞ்சிலும் மூட வேண்டிய புகார் அறை ஒன்று இருப்பது தெரிந்ததும் வேலையை விட்டாள்.

அடுத்த வருஷம், ரேடியோ ஒரு ஃபர்னிச்சர் கடையில் இருப்பதாக யாரோ சொன்னதும் போய்ப் பார்த்தாள். இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் அருகில் வந்தான்.

"அவ போயிட்டாக்கா. மழைக்காலத்துல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்து பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அத என்னால தாங்கியிருக்க முடியாதுக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சுகமா என்றெல்லாம் விசாரித்தான். அதற்குள் கட்டில் பார்க்க வந்த ஒரு குடும்பம் கூப்பிட்டது. "இதோ வரேன்க்கா" என்று போனான். மெத்தையின் கனத்தையும் மரத்தின் உறுதியையும் அவர்களுக்குத் தணிந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.