மூன்றாம் மாடிக் கதவு

ஸ்ரீபனுக்கு வாய் திறக்கும் முன்பே கை நீண்டுவிடும். இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் இருக்கிற மன்னார் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். கபோ சந்தைக்குள் மீன்காரனோடு ஒருமுறை, கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்காக ஒருமுறை, ஒன்றுமேயில்லாத விஷயங்களுக்குப் பலமுறை அடிதடிக்குப் போனவன். அப்படிப்பட்ட ஆளைப் பிடித்து, வீடு வீடாகப் போய்ச் சனங்களுக்கு நயமாகப் புத்தி சொல்லிவிட்டு வா என்று நகரசபையின் வட்டார அலுவலகம் அனுப்பியதுதான் வேடிக்கை.

அவன் அந்த அலுவலகத்துக்குத் தெருக் கூட்டுகிறவன், மழை வடிகால் துப்புரவாக்குகிறவன். மார்கழி பிறந்ததும் அலுவலகத்துக்குப் பொறுப்பான இத்தாலியக்காரி, எல்லாரும் சிஞ்ஞோரா என்கிறவள், கூப்பிட்டாள். குளிர்கால அறிவிப்பைச் சுவரில் ஒட்டினால் உங்கள் ஆட்கள் திரும்பியும் பார்ப்பதில்லை, நீயே போய் உங்கள் பாஷையில் சொல்லு என்றாள். காற்றடிக்கிற நாளில் பல்கனிக் கம்பியில் பூச்சாடி வைக்கக்கூடாது. பழைய மெத்தையைத் தெருவில் போடக்கூடாது, ஃபோன் எடுத்துச் சொன்னால் வண்டி வந்து ஏற்றும். புதுவருஷ இரவில் மேலேயிருந்து வெடியும் எறியக்கூடாது, உடைந்த கதிரை மேசையும் எறியக்கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, பூட்டிய அறைக்குள் கரி எரிக்கக்கூடாது. இதைச் சொல்லும்போது சிஞ்ஞோரா அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். அதில் வருகிற நஞ்சுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும் என்றாள்.

ஸ்ரீபன் சொல்லிக்கொண்டு போனான். அவன் சொன்ன விதத்தில் அறிவிப்பெல்லாம் வெருட்டல் மாதிரி இருந்தது. சனங்கள் தேத்தண்ணி கொடுத்து, ஓம் ஓம் என்று தலையாட்டி, ஆள் போனால் போதும் என்று கதவைச் சாத்தினார்கள். பயத்திலாவது காதில் விழுந்திருக்கும். சந்தைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய சந்தில், சுவர் வெடித்த ஒரு பழைய நாலுமாடிக் கட்டடத்துக்கும் போனான். முதல் மாடியில் சொன்னான். இரண்டாம் மாடியில் சொன்னான். மூன்றாம் மாடிக் கதவைப் பார்க்காமல் கடந்து, நாலாம் மாடியில் றோசமலர் அக்காவுக்குச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

மூன்றாம் மாடியில் இருந்தது அவனுடைய ஒரே தங்கச்சி கிளறா.

நாலு வருஷத்துக்கு முன் அவள் யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன் றஞ்சித்தைப் பதிவுத் திருமணம் செய்தாள். கத்தோலிக்கக் குடும்பத்துக்குச் சைவ மாப்பிள்ளை வேண்டாம் என்றான் அண்ணன், அவள் கேட்கவில்லை. பதிவு மண்டப வாசலிலேயே ஸ்ரீபன் மாப்பிள்ளையின் முன்பல்லைக் கழற்றினான். பொம்பிளையின் வெள்ளைச் சட்டையில் இரத்தம் தெறித்தது. "இவன் எனக்கு மச்சானுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. இனி இவனோட ஒரு சொல்லுக் கதைச்சனெண்டா என்ர நாக்கு அழுகட்டும்" என்று மாதா பேரில் சத்தியம் பண்ணினான். எங்கள் சனத்துக்குக் கோபம் என்றால் அது ஒருநாள் இருநாள் சங்கதியில்லை. செத்தவீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதுவிட்டுப் போவார்கள், ஆனால் கதைக்கமாட்டார்கள். ஸ்ரீபன் அதில் எல்லாரையும் வென்றவன். இரண்டு கிழமைக்கு முன் கிளறாவுக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தியையே ஊரார் சொல்லித்தான் அறிந்தான். போய்ப் பார்க்க ஆசை இருந்தது. ரோசம் ஆசையைவிடக் கொழுத்துப்போய் இருந்தது.

எல்லா வீட்டுக்கும் சொன்னாயா என்று சிஞ்ஞோரா கேட்டாள். சொன்னேன் என்றான்.

அதற்கடுத்த கிழமை கடலிலிருந்து பேய்க்காற்று அடித்தது. மழை சந்தைக் கூரைத் துணிகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. அந்தச் சந்தில் வடிகால் அடைத்து வெள்ளம் வாசற்படி ஏறுகிறது என்று பின்னேரம் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஸ்ரீபன் இரும்புக் கொக்கிக் கம்பியோடு போனான். மூடியைக் கிளப்பி, அழுகிய கத்தரிக்காயையும் மீன் செதிலையும் அள்ளி எறிந்தான். வேலை முடிந்தபோது பழக்கதோஷத்தில் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தான். நாலு வருஷமாக அந்தச் சந்தால் போகும்போதெல்லாம் அப்படித்தான், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பான்.

யன்னல் கண்ணாடியின் ஓரமெல்லாம் உள்பக்கமாகப் பெட்டி ஒட்டுகிற மண்ணிறப் பட்டி ஒட்டியிருந்தது.

மூலையில் ஆட்டுக்குடல் சுட்டு விற்கிற கிழவன், தார்ப்பாய்க்குக் கீழே நின்றபடி பேச்சுக் கொடுத்தான். உங்கள் ஊர்ப் பெடியன் அந்த வீட்டுக்குத் தினமும் என்னிடம் கரி வாங்குகிறான், என்னடா வாட்டுகிறாய் என்று கேட்டால் பிள்ளைக்கு என்கிறான், இன்றைக்கு இரண்டு மடங்கு வாங்கிப்போனான் என்று சொல்லிச் சிரித்தான்.

ஸ்ரீபனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைப்பெற்றவளைக் குளிக்க வார்த்து, தணற்சட்டியில் சாம்பிராணி போட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் புகை பிடித்து, குளிர்காற்று படாமல் அறையைச் சாத்தி வைக்கிற வழக்கம் அவனுக்குத் தெரியாததா. பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஊரில் ஓலைக் கூரைக்கும் கிடுகு வேலிக்கும் ஆயிரம் ஓட்டை, புகை தன்பாட்டில் போய்விடும். இங்கே ஒரு முழத் தடிப்பில் கல்லுச் சுவர், போதாததற்குப் பட்டியும் ஒட்டியிருக்கிறது. சிஞ்ஞோரா ஆட்டிய விரல் கண்ணுக்குள் வந்து நின்றது. கம்பியும் கையுமாகப் படியேறி ஓடினான்.

கதவைத் தட்டினான். "கிளறா, கதவைத் திற." நாலு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. பதில் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு சிணுங்கல்கூட இல்லை. கதவிடுக்கால் சாம்பிராணி மணத்தது. உதைத்தான். எந்தக் காலத்துத் தேக்கோ, அசையவில்லை. கொக்கிக் கம்பியை இடுக்கில் செருகி நெம்பினான். மரம் செதில் செதிலாகப் பிய்ந்ததே தவிரப் பூட்டு விடவில்லை.

அப்போதுதான் றஞ்சித் படியேறி வந்தான். பிள்ளைக்குப் பம்பர்ஸும் ஒரு தகரம் ஒலிவ் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தவன் கண்டது, தன் பல்லை உடைத்தவன் இரும்புக் கம்பியால் தன் வீட்டுக் கதவை உடைக்கிற காட்சி. உள்ளே பெண்சாதியும் பிள்ளையும். யாராக இருந்தாலும் வேறென்ன நினைப்பான்?

எண்ணெய்த் தகரம் பையோடு சுழன்று வந்து ஸ்ரீபனின் நெற்றியில் இறங்கியது. புருவம் பிளந்து கண்ணுக்குள் இரத்தம் ஓடியது. திரும்புவதற்குள் இரண்டாவது அடி காதோடு விழுந்தது. அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஸ்ரீபன் சொல்லவில்லை. சத்தியம் நாக்கைப் பிடித்ததோ, கை முந்திக்கொண்டதோ, அவனுக்கே தெரியாது. கம்பியின் கட்டைப் பக்கத்தால் றஞ்சித்தின் விலாவில் குத்தினான். உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது. றஞ்சித் விழவில்லை, பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான், கையைக் கடித்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு பாதிப் படி உருண்டார்கள். ஸ்ரீபன் மேலே ஏறியிருந்து அவன் முகத்தில் குத்தினான். மறுபடி குத்தினான். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த குத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அது அவனுக்கு இனித்தது. சொல்ல வெட்கமான விஷயம், ஆனால் அதுதான் உண்மை. எதற்கு ஓடிவந்தோம் என்பதையே அந்த இனிப்பில் மறந்துபோனான்.

மூக்கு உடைந்து வாயெல்லாம் இரத்தமாகக் கிடந்த றஞ்சித் திமிறியபோது, அவன் காற்சட்டைப் பையிலிருந்து திறப்புக்கோர்வை நழுவிப் படியில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் ஸ்ரீபனின் கை அந்தரத்தில் நின்றது. கதவுக்கு வெளியால் பூட்டு. உடைக்க முடியாத கதவின் திறப்பு, தான் அடித்துக்கொண்டிருக்கிறவனின் பைக்குள் இவ்வளவு நேரமும் கிடந்திருக்கிறது.

"றஞ்சித், கதவைத் திற. கரிப்புகை. உள்ளுக்கை ரெண்டும் சாகுதுகள்" என்றான்.

றஞ்சித் ஒரு கணம் விழித்துப் பார்த்தான். பிறகு திறப்பை அள்ளிக்கொண்டு நாலுகாலில் படியேறினான். இரத்தம் பிசுபிசுத்த விரல்களில் வழுக்கித் திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை. ஸ்ரீபன் அவன் மணிக்கட்டைத் தன் கையால் இறுக்கிப் பிடித்துத் திருப்பினான்.

அறைக்குள் வெக்கை முகத்தில் அடித்தது. கட்டிலடியில் தணல் சிவந்து கிடந்தது. கிளறா பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தாள், எழும்பப் பார்த்திருக்கிறாள். பிள்ளை அவள் கைக்கு எட்டாத தூரத்தில் துணிக்குள் துவண்டு கிடந்தது. ஸ்ரீபன் கம்பியால் யன்னலை அடித்தான். பட்டி ஒட்டிய கண்ணாடி நொறுங்காமல் தொங்கியது. வெறுங்கையால் குத்தித் தள்ளினான், முழங்கைவரை கிழிந்தது. மழையும் காற்றும் உள்ளே பாய்ந்தன. பிள்ளையைத் தூக்கி அந்தக் குளிருக்குள் நீட்டி, உள்ளங்காலில் தட்டினான். ஒன்றுமில்லை. பலமாக அறைந்தான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அவன் மாதாவே மாதாவே என்று குழறி அழத் தொடங்கினான்.

தீயணைப்புக்காரரும் அம்புலன்ஸும் வந்தபோது றஞ்சித் கிளறாவைப் படிவரை இழுத்து வந்திருந்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிளறாவின் கண் அசைந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு சவப்பெட்டிதான் இறக்கியிருப்போம் என்று ஒரு தீயணைப்புக்காரர் திட்டினார். வீடு வீடாக ஆள் அனுப்பி எச்சரித்தார்களே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். ஒருத்தரும் வரவில்லை என்றான் றஞ்சித்.

சத்தம் கேட்டு இறங்கி வந்து அவர்களுக்கு ஃபோன் எடுத்திருந்த றோசமலர் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏன் வரேல்லை? இந்த ஸ்ரீபன்தானே வந்தவர். எங்கடை வீட்டுக்கும் வந்தவர், கீழ் வீடுகளுக்கும் வந்தவர்."

றஞ்சித் மெதுவாகத் திரும்பினான். ஸ்ரீபன் தரையைப் பார்த்தான்.

விலா உடைந்தவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, றஞ்சித் விட்ட அறையில் ஸ்ரீபன் சுவரோடு மோதினான். பிளந்த புருவம் இன்னும் பிளந்தது. வாழ்நாளில் ஓர் அடியைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டவனில்லை அவன். இரண்டு கையும் தொங்கியபடி நின்றான்.

அம்புலன்ஸ்காரரின் தூக்குப் படுக்கையில் கிடந்த கிளறா முகமூடியை ஒரு பக்கம் விலக்கினாள். தமையனை வெகுநேரம் பார்த்தாள். கண்ணீர் காதுக்குள் ஓடியது.

"இஞ்சேருங்கோ" என்று புருஷனைக் கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "என்ர பங்குக்கும் ஒண்டு குடுங்கோ."

றஞ்சித் கொடுத்தான். மூன்றாவதுக்கு ஓங்கியபோது தீயணைப்புக்காரர் பாய்ந்து அவனைப் பின்னால் இழுத்து, யார் நீங்கள் இரண்டு பேரும் என்று கத்தினார்.

ஸ்ரீபன் வாயில் வந்த இரத்தத்தைத் துடைத்தான்.

"அவனை விடுங்கள்" என்றான் இத்தாலிய பாஷையில். "என்னுடைய மச்சான்."