நீலச் சாயம் பட்ட சிப்பிகள்

மனைவிக்குச் சிப்பி, கணவருக்குச் சேறு. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் இதுதான் பாகப்பிரிவினை. டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடிச் சேறு இறுகிக் கல்லாகியிருப்பதை அவர் படிப்பார். அதே கல்லைக் கரைத்துச் சலித்து, உள்ளே கிடக்கும் மணல் பருமன் சிப்பிகளை அவள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் அன்றைய கடல் எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

அந்தக் கற்கள் கிடைத்த இடத்தில் அன்று இருந்தது வெறும் முழங்கால் ஆழத் தண்ணீர் என்று அவர் பல வருடங்களாகச் சாதித்து வந்தார். எதிர்த்தவர்களின் வாயையெல்லாம் அடைத்திருந்தார். மறுநாள் பெரிய கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறார். அதற்கான சட்டையை இன்னொருவர் தொடக்கூடாதென்று தானே இஸ்திரி போட்டு, காலரைப் பொசுக்கியும் வைத்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்தா கடைசிக் கல்லில் ஆழ்கடல் சிப்பிகள் வந்து தொலைக்க வேண்டும்! கரையோரச் சிப்பிகளும் கலந்துதான் இருந்தன. ஆனால் பயனில்லை. கரைச் சிப்பி உருண்டு ஆழத்துக்குப் போகும். ஆழத்துச் சிப்பி கரையேறி வராது. மனுஷன் நொறுங்கிப்போவாரே!

ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு கல்லைச் சலித்ததும் சல்லடையைக் கழுவி நீலச் சாயத்தில் முக்குவார்கள். பழைய சிப்பி ஏதாவது கண்ணியில் சிக்கி அடுத்த கல்லோடு கலந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு, சிப்பித் தட்டில் இரண்டு சொட்டுச் சாயம் விட்டாள்.

அவர் வந்ததும், "என்னங்க, ஆழ்கடல் சிப்பி கொஞ்சம் இருக்கு. ஆனா எல்லாம் நீலம். பழைய கல்லோடது, விட்டுடலாம்" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஒண்ணு ரெண்டு நீலமா இருந்தா நம்பியிருப்பேன். கரைச் சிப்பியைக்கூட விட்டுவைக்கலையே நீ! பொய் சொல்ற லட்சணமா இது?"

"உங்களுக்காகத்தான்..." என்றாள்.

"தெரியுது. அதனாலதான் திட்டவும் முடியலை. மிச்சக் கல்லு இருக்கா?"

இருவரும் சேர்ந்து கரைத்தார்கள், சலித்தார்கள். வந்த ஆழ்கடல் சிப்பிகள் எல்லாமே பளிச்சென்று வெள்ளை. அவர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"இருநூறு மீட்டராவது இருக்கும்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் வாடித்தான் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாசம் பொங்கியது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ பேசு. நான் பக்கத்துல நின்னு திரையில படத்தை மாத்துறேன்" என்றார்.

"அத்தனை பேர் முன்னாடி நீங்க சொன்னது தப்புன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

"வீட்டுல எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு."