அளவுச் சட்டை

கணவர் போன நாலாம் மாதம் அவருடைய கணினியும் கண்ணை மூடிக்கொண்டது. அப்டேட் கேட்டதும் யோசிக்காமல் சரி என்று அழுத்தியவள் அவள்தான். கணினியை அடியிலிருந்து இயக்கும் மென்பொருளான கெர்னல் புதிதாக மாறியதும், திரைக்குப் படம் காட்டும் டிரைவர் முரண்டு பிடித்தது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்.

உள்ளே அவர் பாதி வரைந்த நூலகக் கட்டடத்தின் படம் இருந்தது. படங்களில் ஜன்னல் வெளிச்சம் நிஜம்போல விழுவதற்காகப் பதினோரு வருடம் செதுக்கிய அமைப்புகளும் இருந்தன. மீதியைத் தானே முடித்துத் தருவதாகக் கட்டட முதலாளியிடம் சொல்லியிருந்தாள்.

"அண்ணி, கடையில குடுத்தா துடைச்சுட்டுப் புதுசா ஏத்திக் குடுத்துடுவாங்க," என்றாள் நாத்தனார்.

"துடைச்சா உங்க அண்ணன் கைவேலையும் போயிடும்."

"அவர் கைவேலை தெரியாதா? அந்தக் கீபோர்டைக் கவுத்துப் பாருங்க, ஒரு பாக்கெட் பிஸ்கட் கொட்டும்!"

சிரித்துவிட்டு, அவருடைய நோட்டைப் பிரித்தாள். நீண்டகால ஆதரவுக் கெர்னலை ஏற்றும் கட்டளை அதில் இருந்தது. புதுசு மாதிரி துள்ளாது, வருஷக்கணக்கில் நிதானமாக ஓடும் என்பார். எழுத்தெழுத்தாக அடித்தாள். அடுத்து டிரைவரையும் ஏற்றினாள். கணினி மறுபடி எழும்போது பட்டியலில் அந்தக் கெர்னலையே தேர்ந்தெடுத்தாள்.

மறுபடியும் கறுப்பு.

"டிரைவர் வந்துட்டாரு, வண்டிதான் வரல போல."

"சும்மா இருடி."

கட்டளைக்குக் கீழே ஒரு வரி கிறுக்கியிருந்தார்: 'அளவுச் சட்டையை மறக்காதே.' ஏதோ தையற்கடை வேலை என்று முதலில் தாண்டிப் போயிருந்தாள். அவர் எப்போதும் தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, அளவுக்கான பழைய சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுவார். அவள்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவாள்.

"ஐயோ, யார் உடம்புக்குத் தைக்கணும்னு சொல்லவே இல்லையே!"

"என்ன அண்ணி உளர்றீங்க?"

டிரைவரை ஏற்றியபோது திரையில் ஓடிய 'ஹெடர் இல்லை' என்ற வரி இப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கெர்னலின் அளவும் ஹெடர் என்ற தனிப் பொதியில் வரும். அதைப் பார்த்துத்தான் டிரைவர் தன்னைத் தைத்துக்கொள்ளும். நீண்டகாலக் கெர்னலின் ஹெடரை அவள் போடவே இல்லை.

போட்டாள். வரிகள் கடகடவென்று ஓடி நின்றன. கணினியை மறுபடி எழுப்பினாள்.

"அண்ணி! வந்துடுச்சு!"

நூலகம் விரிந்தது. மூன்றாம் ஜன்னல் வரை அவர் வரைந்த வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் உயரத்துக்கு நின்ற நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, அவள் நாலாவது ஜன்னலில் கை வைத்தாள்.