ஒரே அடுப்பு

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் அடுப்பு மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். கடல் தாண்டி வந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் கள அலுவலர் அவள். வெள்ளத்தில் தொழிலைப் பறிகொடுத்த குடும்பங்களைத் திரும்பவும் சொந்தக் காலில் நிற்க வைப்பது வேலை. தையல்காரருக்கு மெஷின் வந்தது, தைக்க ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக்கின் கையில் மறுபடி கிரீஸ் ஏறிவிட்டது. பேக்கரிக்கு வந்த கேஸ் அடுப்பு மட்டும், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி தகரக் கொட்டகையின் மூலையில் உட்கார்ந்திருந்தது.

பேக்கரி அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. வெள்ளம் ஏறிய அன்று எல்லோரும் மாடிக்குப் போன பிறகு, மாவு பிசைகிற மெஷினையாவது காப்பாற்றிவிடலாம் என்று தம்பி சொன்னான். அண்ணன் இறங்கிப் போனார். பின்சுவர் அவர்மேல் சரிந்தது. அன்றிலிருந்து அண்ணன் மனைவியான மூத்தவள், தம்பி மனைவியான ஓரகத்தியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தம்பி குற்ற உணர்ச்சி தாங்காமல் மூட்டை தூக்க வெளியூர் போய்விட்டான். அடுப்புக்கு மிஞ்சியது இரண்டு பெண்கள்.

இருவருக்கும் ஆளுக்கொரு சின்ன அடுப்பாகக் கொடுத்துவிடலாம் என்று மேடம் தலைமை அலுவலகத்தைக் கேட்டுப் பார்த்தாள். ஒரு கடைக்கு ஒரு அடுப்புதான், சேர்ந்து உழைத்தால்தான் தொழில் நிலைக்கும் என்றார் இயக்குநர். இங்கே சேர்வதுதானே பிரச்சினை என்று அவள் சொன்னதும், எடுத்துச் சொல்லிப் புரியவைக்கத்தானே உங்களை அனுப்பியிருக்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்.

எடுத்துச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கொட்டகைக்குப் போனால் மூத்தவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், இளையவள் சுவரைப் பார்த்து. "கேஸ் சிலிண்டர் எங்க வைக்கணும்னு அவங்களையே கேளுங்க" என்பாள் இளையவள். கேட்டால், "எனக்கென்ன தெரியும், அவங்க இஷ்டம்னு சொல்லுங்க" என்பாள் மூத்தவள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும் இருவருக்கும் நடுவே மேடம் தபால்காரியாக நின்றாள். வாங்கி வைத்த மைதாவில் வண்டு விழுந்தது. வேறு மூட்டை வாங்கி வைத்தாள். அதிலும் விழுந்தது.

கடைசியில், பயன்படாத அடுப்பை வேறு தெருவுக்குக் கொடுத்துவிடலாம், நாளைக்கு லாரி வரும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. மேடம் விறுவிறுவென்று கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மூத்தவள் அசையவில்லை. கொண்டுபோனால் போகட்டும் என்றாள்.

அத்தனை நாள் அடக்கி வைத்தது மேடத்துக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஒரு மெஷினுக்காக உயிரை விட்டார் உங்க வீட்டுக்காரர். யாரு போகச் சொன்னது, யாரு போனதுன்னு இன்னும் எத்தனை காலத்துக்குக் கணக்குப் பார்ப்பீங்க? போனவர் திரும்பி வரவா போறார்?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் எழுந்தவள் இளையவள்.

"எங்க வீட்டுப் பெரியவரைப் பத்திப் பேச நீங்க யாரு? மெஷினுக்காகவா போனார்? தம்பி கேட்டுட்டானேன்னு போனார். அடுப்பு கொடுத்துட்டா என்ன வேணாலும் பேசிடலாமா?"

மூத்தவள் திரும்பி, வெகு நாள் கழித்து முதல்முறையாக ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேடத்திடம், "நீங்க கிளம்புங்க" என்றாள்.

தெருவில் நடந்தபோது மேடத்துக்குக் காது சுட்டது. தன்மேல் கோபம், இயக்குநர்மேல் கோபம், அந்த இரண்டு பேர்மேலும் கோபம். மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போகலாமா என்று நின்றாள். போகத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் லாரியோடு போனபோது கொட்டகையிலிருந்து கருகல் வாசனை வந்தது. பிளாஸ்டிக் உறை வாசலில் கிடந்தது. உள்ளே இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஈஸ்ட்டை அள்ளிக் கொட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"தீயைக் குறைக்கச் சொன்னேனே அக்கா, காதுல விழுந்துச்சா?"

அடி கருகிய பன்கள் தட்டு நிறைய இருந்தன. மேடம் நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். மூத்தவள் தலையை மட்டும் அசைத்தாள். அது சரி என்றா, போதும் என்றா தெரியவில்லை. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் லாரியைத் திருப்பி அனுப்பினாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை மூத்தவள் பேசுவதில்லை. கடை மூடியதும் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். ஊர் திரும்பிய தம்பியைக் கண்டால் மூத்தவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். இரண்டாவது அடுப்புக்கு மேடம் மறுபடியும் கேட்டாள். ஒரே அடுப்பில் எவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்கிறார்கள் பாருங்கள், நான்தான் அப்போதே சொன்னேனே என்றார் இயக்குநர்.

அவள் போனை வைத்தாள். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது அவளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறார்கள், பேக்கரியைத் தவிர. அங்கே மட்டும், வந்த வேலையைச் சொல்லுங்கள் என்கிறார்கள் இருவரும், ஒரே குரலில்.