பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

"சாவி யாருகிட்டம்மா இருக்குது? இந்த வண்டிய எடுத்தாத்தான் பூப்பல்லக்கு உள்ள வரும்!" என்று தெருமுனையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

சாவி அகல்யாவின் கையில்தான் இருந்தது. அப்பா ஜெகநாதனின் கார். கல்யாணப் பட்டெடுக்க ஆரணிக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கியே பழசாய்ப் போனது. முந்தின நாள் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டிருந்தார்கள். அப்பா உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தார்.

"ஓட்டத் தெரியாதவன் கையில எந்தம்பியக் குடுத்துட்டீங்களே!" அத்தை மணிமேகலையின் ஒப்பாரி நடுவிலேயே வசவாக மாறியது. "கண்ணமங்கலம் தாண்டலியே! நட்டநடு ரோட்ல நிறுத்திட்டானே பாவி!"

பாவி என்றது அம்மாவின் தம்பி பரசுராமனை. நெஞ்சு வலிக்கிறது என்று அப்பா உட்கார்ந்ததும், ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் இந்தக் காரில் அவரை ஏற்றி வேலூருக்கு விரட்டியவர் அவர்தான். வழியில் இன்ஜின் நின்றது. எத்தனை முறை சாவியைத் திருகியும் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் அங்கே வந்து சேர்ந்தபோது அப்பா மாமாவின் மடியில் அடங்கிப்போயிருந்தார்.

சாமியானாக் கம்பத்தருகே நின்ற மாமாவுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை. அகல்யா கார் கதவைத் திறந்ததும் பின்னாலேயே வந்தார்.

"பாப்பா, நீயாவது சொல்லும்மா. நான் ஒழுங்காத்தான் ஓட்டிகினு போனேன். ஜல்தியா போவணும்னு மிதிச்சேன், நெஜந்தான். அதுக்கு நின்னுடுமா? நீதான மிஷின் வச்சிப் பார்த்த? வண்டி நல்லாத்தான இருந்துச்சி?"

அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வரை அந்தக் காரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. சவாரிக்கு வருகிறவர்கள் பார்த்தால் பயப்படுவார்கள் என்று அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அப்பா அதன்மேல் ஒட்டிவைத்திருந்தார். மாலை வகுப்பில் கார் ரிப்பேர் படிக்கும் அகல்யா, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை அன்று அங்கிருந்து இரவல் வாங்கி வந்தாள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. மாமாவும் இருந்தார்.

திரையில் ஓர் எரர் கோடு வந்தது. இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சாரில் கோளாறு என்று அதன் கீழே போட்டிருந்தது. அந்த சென்சார் எங்கே இருக்கும், எப்படிச் சோதிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. படி, சோதி, சரிசெய். அதன் பிறகுதான் அழி. வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

"இன்னாம்மா சொல்லுது?" என்றார் அப்பா.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

"பார்த்தியாடா எம்பொண்ண! மெக்கானிக் ஷாப்புக்குப் போயிருந்தா நாள் பூரா பேஜாரு!" அப்பா பொட்டைப் பிய்த்தெடுத்து, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் மூலையில் ஒட்டினார். "இனிமே இது வாணாம்."

இப்போது அகல்யா சாவியைத் திருப்பினாள். நேற்று சூட்டில் நின்றுபோன இன்ஜின், ஆறிக் கிடந்ததால் சட்டென்று பிடித்துக்கொண்டது. மற்ற விளக்குகள் அணைந்தன. மஞ்சள் விளக்கு அணையவில்லை.

கட்டைவிரலால் அதை மூடினாள். நகத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது.

"பார்த்தீங்களாடி!" வாசலிலிருந்து அத்தை கத்தினாள். "பொண்ணு கை வச்சா பிடிக்குது! அவன் கை வச்சதுதான் நின்னுப்போச்சி!"

மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லும்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அகல்யா விரலை எடுத்தாள்.

மாமா குனிந்து விளக்கைப் பார்த்தார். கண்ணாடி மூலையில் இருந்த பொட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"நீ ஸ்டேரிங்க மட்டும் பிடிச்சிக்க. நான் தள்றேன்."

"மாமா..."

"பிரேக்க விடும்மா. பூப்பல்லக்கு நிக்குது பாரு."

வாசலில் அத்தை மறுபடி ஆரம்பித்தாள். மாமா பின்னால் போய் டிக்கியில் தோளைக் கொடுத்தார். கண்ணாடியில் அவருடைய நரைத்த உச்சந்தலை மட்டும் தெரிந்தது. மூலையில் சிவப்பாக அந்தப் பொட்டு. கார் மெல்ல நகர்ந்தது.