முப்பத்தொன்றாம் பகுதியின் இடது கால்

நான் பல் செட் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக ஊரார் கடைவாய்ப் பற்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்ததில், எங்கே இடம் வலம் மாறியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். இந்தப் பாழாய்ப்போன கண்ணால்தான் பதினேழு வருடச் சண்டை வந்து சேர்ந்தது.

சண்டை ஒரு காலைப் பற்றியது. 'மின்னல் தும்பி' தொடர் ஞாயிறு காலைகளில் வந்துகொண்டிருந்தபோது எனக்கு ஏழு வயது. பச்சை உடுப்பு, வெள்ளி இறக்கை, தலையில் இரண்டு பெரிய உருண்டைக் கண்கள். மொத்தம் நாற்பத்தொன்பது பகுதிகள். நாற்பத்தெட்டில் தும்பி எங்கிருந்து குதித்தாலும் வலது கால்தான் முதலில் தரையைத் தொடும். முப்பத்தொன்றாம் பகுதியில், தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதிக்கிற அந்தப் புகழ்பெற்ற குதிப்பில் மட்டும் இடது கால். அதோடு போகாமல், குதிக்கும் முன் குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் ஒரு கணம் நிற்கிறார். எங்கள் தும்பி அப்படியெல்லாம் ஒயிலாக நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கு உடுப்புக்குள் இருந்தது வேறு யாரோ என்று ரசிகர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

அதிலும் சங்கத் தலைவர் இகராஷி, விழுந்து விழுந்து சிரித்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. அதனால் உலகத்தில் எல்லாமே தன்னைக் கேட்டுத்தான் கிளம்புகிறது என்று நினைப்பு.

"ஃபிலிமைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருப்பாங்க, அம்மணி," என்றார்.

"திருப்பிப் போட்டிருந்தா இடுப்புப் பட்டையில இருக்கிற முத்திரையும் மாறியிருக்கணும்ல? அது இருந்த இடத்துலயேதான் இருக்கு."

"பல்லையே பார்த்த கண்ணு, காலைப் பார்த்தா இப்படித்தான் தெரியும்."

பதினேழு வருடம், இதே பேச்சு. இந்த வருடம் தும்பிக்கு நாற்பது நிறைவு என்று நகானோவில் ஒரு மாடி அரங்கில் விழா அறிவித்தார்கள். தும்பியின் உடுப்பைப் போட்டு நடித்த தொகாஷி கான்ஜியே நேரில் வருகிறார் என்றதும் பந்தயம் கட்டினோம். அவர் வாயாலேயே கேட்பது. தோற்றவர் நகானோ ரயில் நிலைய வாசலில், பட்டப்பகலில், தும்பியாக உருமாறும்போது செய்கிற அபிநயத்தைத் தொண்டை கிழியக் கத்தியபடி செய்துகாட்ட வேண்டும். எனக்கு அபிநயம் பெரிதில்லை. "ஆமாம்மா, அன்னைக்கு நான் இல்லை" என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

விழாவன்று காலையிலிருந்தே எனக்கு விக்கல். சந்தோஷம் அதிகமானால் எனக்கு விக்கல்தான் வரும், கல்யாணத்தன்றும் இப்படித்தான். மடக்கு நாற்காலிகளில் நூற்றிருபது பேர், எல்லாம் என் வயசுதான். வழுக்கை, முழங்கால் வலி, வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஜூன் மாதப் புழுக்கத்தில் இகராஷி தும்பியின் பச்சைக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

தொடரில் முகம் காட்டி நடித்த நாயகனுக்கு இடுப்புப் பிடிப்பாம், வரவில்லை. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்களுக்கு முகம் எதற்கு? திரை விலகி, எழுபத்துநாலு வயது தொகாஷி வலது காலை முன்வைத்து நடந்து வந்தார், அந்த நடையைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒரு வங்கி மேலாளர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். நான் அழவில்லை, விக்கினேன். தொகாஷியின் சட்டை முதுகில் 'நாற்பத்தொன்பது பகுதி, ஒரு நாள் விடுப்பில்லை' என்று அச்சடித்திருந்தது. அவரைப் பற்றி எல்லாரும் சொல்வதும் அதுதான். அந்த வரியைப் பொய்யாக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பதினேழு வருடம் சும்மா போகுமா?

அடுத்து வந்தவர் தொடரின் வில்லி, குளவிப் பேரரசி. உசுகி மாசாயோ, எழுபத்தொரு வயது, கையில் சின்னத் துணிப்பை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. காய்கறி வாங்க வந்தவர் வழிதவறி மேடையேறியதுபோல இருந்தார். ஒலிவாங்கியை வாங்கி, தொண்டையைச் செருமி, "ஹோ ஹோ ஹோ" என்று அந்தச் சிரிப்பைச் சிரித்தாரே பார்க்கலாம். நூற்றிருபது பேரும் ஒரே சமயத்தில் நாற்காலிக்குள் ஒடுங்கிப்போனோம். இகராஷி என் பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அப்புறம் ஏதோ நடக்காததுபோல் திருப்பிக் கொடுத்தார்.

பேச்செல்லாம் முடிந்து கையெழுத்து வரிசை. மேசைக்குப் பின்னால் தொகாஷி, அவர் பக்கத்தில் பேரரசி. ஒரு அட்டையில் இருவரும் எழுதித் தருவார்கள், தங்கள் பெயரும் அதற்குக் கீழே ஏற்ற வேடத்தின் பெயரும். தலைக்கு ஒரு நிமிடம். நிமிடம் முடிந்தால், தோளில் இரண்டு விரல் வைத்து நகர்த்துவதற்கென்றே ஒரு ஆள் நின்றான்.

என் முறை வந்தது. இகராஷி எனக்குப் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, உடுப்புக்குள் யார் என்று நடித்தவரிடமே கேட்கக் கூடாது. குழந்தை கேட்டாலும், உள்ளே யாரும் கிடையாது, அது தும்பிதான் என்றுதான் சொல்வோம். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் இப்போது மீறப்போகிறேன். வாயைத் திறந்தேன், விக்கல் வந்தது. இன்னொன்று. நகர்த்தும் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"தண்ணி குடிங்கம்மா," என்று தன் கோப்பையை நீட்டினார் தொகாஷி. தும்பி குடித்த தண்ணீரைக் குடித்தேன். இதை என் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"ஐயா, முப்பத்தொண்ணாவது எபிசோடுல... தண்ணித் தொட்டிக் குதிப்பு... அது நீங்கதானா?"

அவர் காது மடல் இரண்டும் சிவந்தன. எழுதிக்கொண்டிருந்த பேனா நிற்கவில்லை, ஆனால் எழுத்து கோணிக்கொண்டது.

"நான்தாம்மா. நாற்பத்தொன்பதும் நான்தான்."

"இடது காலை முதல்ல வெச்சு..."

"நான்தாம்மா," என்றார் இன்னும் மெதுவாக.

பின்னால் இகராஷி மூக்கால் சிரிப்பது கேட்டது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. தொகாஷி அட்டையைப் பேரரசி பக்கம் தள்ளினார். அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். எழுதி முடித்ததும் மெல்லிய தாளை மேலே போட்டு மூடினார்.

"மை காயலை. இங்க திறக்காதீங்க," என்றார்.

தோளில் இரண்டு விரல் விழுந்தது.

நேராகப் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன், அழுவதற்குத்தான். கை கழுவும் இடத்தில் தாளை விலக்கினேன். இடப்பக்கம் தொகாஷி கான்ஜி, கீழே மின்னல் தும்பி. வலப்பக்கம் உசுகி மாசாயோ. கீழே குளவிப் பேரரசி என்று இருக்க வேண்டிய இடத்தில், அங்கேயும் மின்னல் தும்பி. ஓரத்தில் சின்னதாக முப்பத்தொன்று.

விக்கல் நின்றுவிட்டது.

கையெழுத்து வரிசைக்கு இடைவேளை விட்டிருக்க வேண்டும், கதவைத் தள்ளிக்கொண்டு பேரரசியே உள்ளே வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"யார்கிட்டயும் காட்டலையே?"

"இல்லைம்மா."

"அப்பாடா. கை முந்திக்கிச்சு, பொண்ணே. எழுதினதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன்."

எனக்கு நாற்பத்தேழு வயது. பொண்ணே என்று கூப்பிட்டார் என்பதிலேயே பாதி உருகிப்போனேன்.

"அப்ப, அது நீங்களா?"

"என் கட்டுச்சோத்துல கானாங்கெளுத்தி வெச்சிருந்தாங்க. எனக்கு அந்த மீன் ஆகாது. கான்ஜிகிட்ட தள்ளிட்டேன். ஒரு மணி நேரத்துல அவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சது. அந்த உடுப்புக்குக் கொக்கியெல்லாம் முதுகுல. கழட்டவே இருபது நிமிஷம் ஆகும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. அவன் கழிப்பறைக்குள்ள உட்கார்ந்து அழுதான். ஒரு நாள் வரலைன்னா மறுநாள் வேற ஆளைப் போட்டுடுவாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்தான் ஆச்சு அவனுக்கு. மீனைக் குடுத்தது நான். நான் பள்ளிக்கூடத்துல பலகை மேலேருந்து நீச்சல் குளத்துல குதிச்சுப் பரிசு வாங்கினவ. அவனைவிட ரெண்டு விரல்தான் குட்டை. உடுப்பை மாட்டிக்கிட்டு முகமூடியோட போய் நின்னேன். 'தொகாஷி, மேல ஏறு'ன்னார் டைரக்டர். ஏறிட்டேன்."

"யாருக்குமே தெரியலையா?"

"முகமூடி போட்டவங்களை யார் உத்துப் பார்க்கிறா?" பேரரசி குழாயைத் திறந்து, கை கழுவாமலே மூடினார். "நாற்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். எத்தனையோ பேர் வந்து அந்தக் குதிப்பைப் பத்தி அவனைப் புகழ்ந்துட்டுப் போனாங்க, நான் பக்கத்துலயே உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பாதம் அவனுதுதானான்னு கேட்ட முதல் ஆள் நீதான். அதான் கை நிக்கலை."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

"ஆனா அவன் அந்த நாற்பத்தொன்பதைக் கல்லறையில வெட்டச் சொல்லியிருக்கான். அதைக் கெடுத்துடாதே. வேணும்னா அட்டையைக் குடு, வேற எழுதித் தரேன்."

வெளியே இகராஷி காத்திருக்கிறார். பதினேழு வருடச் சண்டைக்குத் தீர்ப்பு என் கையில், மைகூடக் காயாமல் இருக்கிறது. தாளை விலக்கிக் காட்டினால் போதும், அவர் வாய் ஒரு மாதத்துக்கு மூடாது. அந்தக் காட்சியை மனசுக்குள் ஒரு தடவை ஆசை தீரப் பார்த்துக்கொண்டேன்.

"அட்டையைத் தரமாட்டேன்," என்றேன். "நீங்க கவலைப்படாதீங்கம்மா. உடுப்புக்குள்ள யாரும் கிடையாது."

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

விழா முடிந்தால் படிக்கட்டுக்குக் கீழே எல்லாரும் அட்டைகளை வரிசையாகப் பரப்பிப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். பதினைந்து அட்டைகள் பரப்பியாகிவிட்டது. என்னுடையதற்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

"எங்க உங்களுது?" என்றார் இகராஷி.

"விக்கல்ல கை ஆடி மை இழுத்துடுச்சு. பார்க்கிற மாதிரி இல்லை." அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன். "விடுங்க. நான்தான் தோத்தேன். ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருக்காங்க."

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அவ்வளவுதானா? முத்திரை, இடுப்புப் பட்டைன்னு ஏதாச்சும் சொல்லுவீங்களே?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. வாங்க, பந்தயத்தை முடிச்சுடலாம்."

மாலை நாலு மணி, ஞாயிற்றுக்கிழமை. நிலைய வாசலில் கால் வைக்க இடமில்லை. பூச்செடிகளைச் சுற்றிக் கட்டியிருந்த இடுப்புயரச் சுவரில், அட்டையை இகராஷியிடம்கூடக் கொடுக்காமல் முதுகுப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு ஏறினேன். வெட்கப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் சிரிப்புதான் வந்தது. இடக்கையை நீட்டி, வலக்கையைச் சுழற்றி, இரண்டு முஷ்டியையும் நெஞ்சில் சேர்த்து, "தும்பி, எழு" என்று கத்தினேன். புறாக்கள் பறந்தன. ஒரு காவலர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பெண்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள். நான் குதிகாலைத் தூக்கி, விரல்நுனியில் ஒரு கணம் நின்று, குதித்தேன்.

இறங்கி நிமிர்ந்தபோது சிக்னலில் ஒரு டாக்சி நின்றிருந்தது. அந்தப் பக்கச் சீட்டில் தொகாஷி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கக் கண்ணாடி இறங்கியது.

"ஹோ ஹோ ஹோ," என்றது அந்தச் சிரிப்பு. "தும்பியே, நீ இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா?"

வாசல் முழுக்கத் திகைத்து நிற்க, டாக்சி கிளம்பிப் போயிற்று. நான் விக்கிக்கொண்டே கையாட்டினேன். இகராஷி என்னைப் பார்த்தார், டாக்சி போன திசையைப் பார்த்தார், மறுபடி என் காலைப் பார்த்தார்.

"அம்மணி," என்றார் மெதுவாக. "நீங்க இறங்கினது இடது கால்."

"அப்படியா?" என்றேன். "ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருப்பாங்க."